துணி வாங்கும் பழக்கத்தைப் பற்றிக் கேட்ட தக்கலைச் சகோதரிக்கு

பீரோ நிறைந்து கட்டிலுக்கு அடியிலும் புடவைப் பெட்டிகள் சேர்ந்துவிட்டன என்றும், ஆடித் தள்ளுபடி விளம்பரம் கைப்பேசியில் வந்தால் கை நிற்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பழையதைக் கழிப்பதற்கு முன் புதியது வருவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் காலியான தட்டு மறுபடியும் நிறைந்துவிடும். கடைகளின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகி, செயலிகளில் சேமித்துள்ள அட்டை விவரங்களை நீக்கி, பிடித்த துணியை விலையோடு ஒரு தாளில் எழுதிவைத்து, அடுத்த சம்பளம் வந்த பிறகும் வேண்டுமென்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்வதால், நெருக்கித் திணித்த பீரோவில் பட்டின் மடிப்புகளில் வெள்ளைப் பூஞ்சணம் படரும், ஜரிகையும் கறுக்கும். மழையில்லாத ஒரு நாளில் எல்லாவற்றையும் நிழலில் விரித்துப் பாருங்கள். விலைச்சீட்டு கிழிக்காத சுடிதார்களும் ஊக்கு எட்டாத ரவிக்கைகளும் தாமாகவே கண்ணில் படும். (மெலிந்தபின் உடுத்தலாம் என்று வைத்திருப்பவற்றுக்கு நான் இரக்கம் காட்டமாட்டேன்.) நல்லவற்றை உறவில் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்குக் கொடுங்கள், கல்யாணப் பட்டைத் தொடவேண்டாம்.

வாங்கியதைக் கணவரிடம் மறைப்பதாகவும், கடன் அட்டைப் பாக்கி ஏறிவருவதாகவும் குறிப்பிட்டிருப்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அதற்குப் பீரோவை ஒழுங்குபடுத்துவது மட்டும் போதாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.