பரு போன பிறகும் போகாத கறுப்பு

கேள்வி: எனக்கு 23 வயது. திருப்பூரில் விற்பனைப் பிரிவில் வேலை, பகல் முழுக்க பைக்கில்தான் சுற்றுகிறேன். இரண்டு வருடமாக இருந்த முகப்பரு இப்போது குறைந்துவிட்டது. ஆனால் பரு வந்த இடமெல்லாம் கன்னத்திலும் தாடையிலும் கறுப்பாக நிற்கிறது. எலுமிச்சைச் சாறு, கடலை மாவு எல்லாம் போட்டுப் பார்த்தேன். நண்பன் சொன்னான் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இரண்டு மாதம் கழித்து நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகப் பரு வருகிறது. மறுபடி போட்டால் அடங்குகிறது. லேசர் செய்தால் உடனே போய்விடுமா? ஆண்கள் இதற்கெல்லாம் டாக்டரிடம் போவார்களா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். போவார்கள், நிறையப் பேர் வருகிறார்கள். முகத்தில் கறுப்பு இருக்கிறதென்று நேர்காணலுக்குப் போகத் தயங்குகிற பையன்களையும், போட்டோவில் நிற்க மறுக்கிற பையன்களையும் பார்க்கிறேன். இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. தயங்கித் தயங்கி நாலு க்ரீம் மாற்றிவிட்டு வரும்போதுதான் சிகிச்சை சிரமமாகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும், கறுப்பைவிட அந்த க்ரீம்தான் என்னை உறுத்துகிறது. ஒரே வாரத்தில் பளிச், நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் பருவும், மறுபடி போட்டால் அமைதி. நீங்கள் எழுதியிருப்பது ஸ்டீராய்டு க்ரீமின் அச்சு அசலான நடத்தை. ட்யூபை எடுத்துப் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டுதான். கூடவே நிறத்தை மங்கவைக்கும் ஹைட்ரோகுவினோன், தோல் புதுப்பிப்பதை வேகப்படுத்தும் ட்ரெட்டினாயின் என்ற பெயர்களும் இருக்கலாம். ஸ்டீராய்டோடு இந்த இரண்டையும் சேர்த்துத் தருகிற முறை 1975-லேயே அமெரிக்காவில் வந்தது. மங்கு போன்ற சில திட்டுகளுக்கு, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் போட வேண்டிய மருந்து அது. நம் ஊரில் அதுவே சிவப்பழகு க்ரீம் மாதிரி கை மாறுகிறது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அப்படியும் கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது வேதனையான உண்மை.

ஸ்டீராய்டு தோலின் அழற்சியை அமுக்குகிறது, ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, நிறமி உற்பத்தியையும் குறைக்கிறது. அதனால்தான் முதல் வாரத்தில் முகம் வெளுத்துத் தெளிவாகத் தெரிகிறது. வாரங்கள் போகப் போக தோல் மெலிகிறது, நுண்ணிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன, பூனை முடி வளர்கிறது, ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரு கிளம்புகிறது. நிறுத்தினால் அமுக்கி வைத்திருந்த அழற்சி எல்லாம் சேர்ந்து எழும்புகிறது. க்ரீம் இல்லாததால் முகம் கெட்டது என்று நினைத்து ஆள் மறுபடி ட்யூபைத் தேடுவார். அந்தச் சுழலில்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டு மாதம் போட்டிருப்பதால், உங்களுக்கு முதல் வேலை இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பார்ப்பதுதான். போகும்போது அந்த ட்யூபையும் எடுத்துப் போங்கள். உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் தோலைப் பார்த்து முடிவு செய்வார். எரிச்சல் அடங்கும்வரை கீழே நான் சொல்லும் மருந்துகள் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். மிதமான ஃபேஸ் வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவு போதும்.

சரி, கறுப்புக்கு வருவோம்.

பரு விட்டுப்போகும் அடையாளங்கள் எல்லாம் ஒன்றல்ல. பழுப்பாகவோ கறுப்பாகவோ, தடவினால் சமமாக இருப்பது நிறமித் திட்டு. சிவப்பாகவோ ஊதாவாகவோ இருப்பது, விரிந்து நிற்கும் ரத்தக்குழாய்களின் நிறம். ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறையும், பழுப்பு அப்படியே இருக்கும். மூன்றாவது, குழியோ மேடோ. ஜன்னல் ஓரமாக நின்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் பள்ளம் நிழலாகத் தெரியும். அதுதான் உண்மையான தழும்பு, அதை எந்த க்ரீமும் நிரப்பாது. உங்களுக்கு மூன்றும் கலந்தே இருக்கலாம். எது எவ்வளவு என்று தெரியாமல் மருந்து வாங்கினால் காசுதான் போகும்.

நிறமித் திட்டு ஏன் வருகிறது? தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நம்முடையவை சுறுசுறுப்பு அதிகமானவை. பருவில் அழற்சி உண்டாகும்போது சுரக்கும் வேதிப்பொருட்கள் இவற்றைத் தூண்டிவிட, அவை வழக்கத்தைவிட அதிக மெலனினைத் தயாரித்துப் பக்கத்து செல்களுக்கு அனுப்புகின்றன. அதனால்தான் பரு ஆறிய இடம் மாநிறத்தவருக்கும் கறுப்பானவர்களுக்கும் அழுத்தமாகக் கறுக்கிறது. இதில் நல்ல செய்தி, மேலடுக்கில் தங்கிய நிறமி தானாகவே போய்விடும். மேல்தோல் சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மங்கும். ஆனால் பருவை அழுத்திக் கிள்ளும்போது அழற்சி ஆழமாகிறது, நிறமி கீழடுக்குக்குள் சிந்திவிடுகிறது. அப்படிச் சிந்தியது நீலச் சாம்பல் நிறத்தில் தெரியும், வருடக்கணக்கில் நிற்கும். பருவில் கை வைக்காதே என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதிலிருந்து நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. கறுப்பை உண்டாக்குவது எரிச்சல்தான். பரு தரும் எரிச்சல் மட்டுமல்ல, பருவைப் போக்க நாம் செய்யும் காரியம் தரும் எரிச்சலும் அதே கறுப்பைத்தான் உண்டாக்கும். எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையால் கறுத்த முகங்களை நிறையப் பார்த்தாயிற்று.

எலுமிச்சையை இந்த இடத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதன் அமிலம் கடுமையானது, ஆறாத பருவில் பட்டால் புண்ணாக்கும். அதோடு எலுமிச்சை வகைகளில் உள்ள சில பொருட்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், தோல் வெந்து கறுத்துவிடும். காலையில் எலுமிச்சை தேய்த்துவிட்டுப் பகலெல்லாம் பைக்கில் போவது உங்களுக்கு நிச்சயம் வேண்டாம். டூத்பேஸ்ட், சமையல் சோடா, சலூனில் போடும் ப்ளீச், சொரசொரப்பான ஸ்கிரப் எல்லாம் இதே கணக்குதான். கடலை மாவு அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் காய்ந்த பிறகு அழுத்தித் தேய்த்து எடுக்காதீர்கள். கறுப்பை அது போக்கவும் போக்காது.

வெயில் உங்கள் விஷயத்தில் பெரிய ஆள். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் நீலப் பகுதியும் நம் மாதிரித் தோலில் நிறமியைத் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் இந்த நீல வெளிச்சத்தை அதிகம் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் தடுக்கும். முகத்தில் வெள்ளையாகப் பூசின மாதிரியும் தெரியாது. எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாமல், ஜெல் அல்லது எண்ணெய்ப் பசை இல்லாத வகையாகப் பாருங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. பெரும்பாலோர் இதில் பாதிகூடப் போடுவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும் என்பது விதி. வேலைக்கு நடுவில் அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் காலையில் கிளம்பும்போதும், மதியம் சாப்பிட்ட பிறகு முகத்தைத் துடைத்துவிட்டும் போடுங்கள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். அப்புறம், தாடையிலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? ஹெல்மெட் வாரும் உள் பஞ்சும் வியர்வையோடு உரசும் இடம் அது. உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு, அதைத் தினமும் துவையுங்கள். பஞ்சைக் கழற்ற முடிந்தால் அதையும் அடிக்கடி அலசிக் காயப்போடுங்கள். ஷேவ் செய்யும்போது முடி வளரும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால் முடி உள்ளேயே வளைந்து பரு மாதிரி வீங்கி, அதுவும் கறுக்கும். கொஞ்ச நாளைக்கு ட்ரிம்மர் போதும்.

முகம் அமைதியான பிறகு, மருத்துவர் ஒப்புக்கொண்டால், உங்களுக்கு நான் முதலில் நினைப்பது அசெலாயிக் ஆசிட். 15 அல்லது 20 சதவீதத்தில் கிடைக்கிறது. பருவையும் குறைக்கும், அளவு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்லையும் அடக்கும். முதல் சில நாள் லேசாக அரிக்கும். அடுத்தது, தோல் துளைகள் அடைபடாமல் காத்துப் பருவைத் தடுக்கும், இரவில் போடும் அடாபலீன் 0.1 சதவீதம். ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கும், கறுப்பின் மேல் மட்டும் புள்ளி வைப்பது அல்ல. வாரத்தில் இரண்டு இரவு என்று தொடங்கி, தோல் பழகப் பழகக் கூட்டலாம். உங்கள் தங்கையோ அக்காவோ இதே மருந்தை எடுத்துப் போட நினைத்தால் ஒரு எச்சரிக்கை: கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டையும் தவிர்க்க வேண்டும். நியாசினமைடு 4, 5 சதவீத சீரம் மென்மையானது, நிறமி பக்கத்து செல்லுக்குப் போவதைக் குறைக்கும், பலனும் மெதுவாகத்தான் தெரியும். ஹைட்ரோகுவினோன் நல்ல மருந்துதான், ஆனால் மாதக்கணக்கில் இஷ்டத்துக்குப் போட்டால் தோலில் நீலக்கறுப்புப் படிவம் உண்டாகி, ஏறக்குறைய நிரந்தரமாகிவிடும். மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன வாரங்களுக்கு மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்றைத் தொடங்கி மூன்று வாரமாவது விட்டு அடுத்தது. இல்லையென்றால் எரிச்சல் எதனால் வந்தது என்றே தெரியாது.

லேசர் உடனே போக்குமா என்றால், போக்காது. நிறமித் திட்டுக்கு லேசர் முதல் வைத்தியமும் அல்ல. நம் நிறத்துத் தோலில் அளவு சற்றுத் தவறினாலும் சூட்டினால் புதிய கறுப்பு வரும், சில சமயம் வெள்ளைத் திட்டும் வரும். க்ரீமில் சில மாதம் பார்த்தும் அசையாத திட்டுக்குத்தான், அனுபவமுள்ள தோல் மருத்துவரின் கையில், அதை யோசிக்க வேண்டும். அதற்கு முன் படியாக கிளைக்காலிக் அல்லது சாலிசிலிக் ஆசிட் பீல் (தோலின் மேற்பரப்பை மெல்ல உரியவைக்கும் சிகிச்சை), குறைந்த செறிவில், சில வார இடைவெளியில் செய்யலாம். இப்போது ஸ்டீராய்டால் மெலிந்திருக்கும் உங்கள் தோலில் இரண்டுமே வேண்டாம். பேக்கேஜ் தள்ளுபடி இந்த வாரத்தோடு முடிகிறது என்று யார் சொன்னாலும் முன்பணம் கட்டாதீர்கள். குழித் தழும்பு இருந்தால் அதற்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைத் தூண்டுவது), லேசர் போன்ற வழிகள் இருக்கின்றன, ஆனால் புதுப் பரு வருவது முழுக்க நின்ற பிறகு.

எவ்வளவு நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருக்கும். முதல் இரண்டு மாதம் ஸ்டீராய்டின் விளைவிலிருந்து தோல் மீள்வதற்கே போய்விடலாம். அந்தச் சமயத்தில் முகம் இப்போதைவிட மோசமாகத் தெரியவும் வாய்ப்பு உண்டு, பயந்து பழைய ட்யூபுக்குத் திரும்பாதீர்கள். சிகிச்சை தொடங்கி மூன்றாவது மாதவாக்கில் பழுப்புத் திட்டுகள் மங்குவது தெரியும். தினமும் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கும் அது உதவும்.

செலவு பற்றிக் கவலை இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுக்கே போகலாம். காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். ட்யூபை மறக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள், காலியாகிவிட்டிருந்தாலும் சரி.