கானலி வென்றுவிட்டார், அயர்லாந்து எப்போது ஒன்றாகும்? – கேள்வி பதில்

டப்ளினில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு 2018, 2025 என்று இரண்டு குடியரசுத் தலைவர் தேர்தல்களில் வாக்களித்தும் இருக்கிறேன். கேள்விகள் குவிந்துவிட்டதால் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதலிலேயே ஓர் எச்சரிக்கை: "அயர்லாந்தில் இத்தனை சதவீதம் பேர் இணைப்பை ஆதரிக்கிறார்கள்" என்று யார் சொன்னாலும், தெற்கிலா (அயர்லாந்துக் குடியரசு) வடக்கிலா (பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்து), யாரிடம், எப்படிக் கேட்டார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

கேத்தரின் கானலி 63 சதவீத வாக்குகளுடன் வென்றார். ஷின் ஃபெய்ன் கட்சி அவரை ஆதரித்தது. அப்படியானால் இது ஐக்கிய அயர்லாந்துக்கு மக்கள் தந்த ஆணைதானே? (கோவை)

இல்லை ஐயா. அன்று நான் கண்டதைச் சொல்கிறேன். 2025 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. எங்கள் பகுதித் தொடக்கப் பள்ளியில் வாக்குச்சாவடி. சுவரில் பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள், அதற்குக் கீழே மறைப்பு, நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். சீட்டில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த ஜிம் கேவின் ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்பே போட்டியிலிருந்து ஒதுங்கியவர். பெயரை நீக்கக் கெடு கடந்துவிட்டதால் சீட்டிலேயே தங்கிவிட்டார், ஒதுங்கியும் 7 சதவீதம் வாங்கினார்! வாக்களிக்க வந்தவர்கள் 45.8 சதவீதம்தான். வந்தவர்களிலும் இரண்டு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேர் சீட்டைச் செல்லாததாக்கிவிட்டுப் போனார்கள். அதாவது, பெட்டியில் விழுந்த எட்டுச் சீட்டுகளில் ஒன்று செல்லாதது. போட்டியிட முடியாமல் போன ஒருவரின் பெயரை எழுதிப் போட்டவர்கள் உண்டு, திட்டித் தீர்த்தவர்களும் உண்டு.

கானலி ஐக்கிய அயர்லாந்தை விரும்புபவர், அதை மறைத்ததும் இல்லை. ஆனால் மக்கள் அவரிடம் கண்டது வீட்டுப் பிரச்சினை, நாட்டின் நடுநிலைமை, ஆளும் இரு கட்சிகள் மீதான சலிப்பு ஆகியவற்றுக்கான குரல். சீட்டில் இணைப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பழைய கணக்கையும் பாருங்கள். இணைப்பையே உயிர்மூச்சாகக் கொண்ட கட்சி ஷின் ஃபெய்ன். 2011இல் அதன் வேட்பாளர் வடக்கின் டெரி நகரைச் சேர்ந்த மார்ட்டின் மெக்கின்னஸ். பெற்றது 13.7 சதவீதம். 2018இல் லீயா நீ ரியாடா, 6.4 சதவீதம். அதே தெற்கில் இணைப்பு வேண்டுமா என்று கேட்டால் மூன்றில் இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள். 6.4 எங்கே, அறுபத்துச் சொச்சம் எங்கே? அரிசியை முழக்கோலால் அளக்க முடியாது. இணைப்புக்கான ஆதரவைக் குடியரசுத் தலைவர் தேர்தலால் அளப்பதும் அப்படித்தான்.

சரி, உண்மையான ஆதரவு எவ்வளவு? (சிங்கப்பூர்)

எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஐரிஷ் டைம்ஸ் நாளிதழ், ஆரின்ஸ் ஆய்வுத் திட்டத்துடன் சேர்ந்து எடுத்த கணிப்பில் 2022இல் வடக்கில் ஆதரவு 27, எதிர்ப்பு 50. 2024இல் ஆதரவு 34, எதிர்ப்பு 48. தெற்கில் ஆதரவு 64 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இணையத்தில் பதிந்துகொண்டவர்களிடம் எடுக்கும் கணிப்புகளில் வடக்கின் ஆதரவு இதைவிடக் கூடுதலாக வரும். வீடு வீடாகப் போய்க் கேட்டால் குறையும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்துவிட்டு "ஏறுகிறது, இறங்குகிறது" என்பவர்களை நம்பாதீர்கள்.

தெற்கின் ஆதரவு அகலமானது, ஆழமில்லாதது. கொடியை மாற்றலாமா, தேசிய கீதத்தை மாற்றலாமா என்று அடுத்த கேள்வி போட்டால் 2022 கணிப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். வரி கூடும் என்றால் இன்னும் சுருங்குகிறது. 2024இல் வந்த ஓர் ஆய்வு, இணைப்பின் செலவு ஆண்டுக்கு 8 முதல் 20 பில்லியன் யூரோ, அதுவும் இருபது ஆண்டுகளுக்கு என்றது. மிகையான கணக்கு என்று வேறு பொருளியலாளர்கள் உடனே மறுத்தார்கள். ஓய்வூதியத்தையும் பிரிட்டனின் கடனில் வடக்கின் பங்கையும் யார் தலையில் கட்டுவது என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது. கல்யாணம் வேண்டும், சீர்வரிசை யார் தருவது என்ற கட்டத்தில் இருக்கிறார்கள்.

புதிய தலைவர் வாக்கெடுப்புக்கு உத்தரவிடலாமே? (மதுரை)

முடியாது. மசோதாவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். பெரும்பான்மை இழந்த பிரதமர் அவையைக் கலைக்கச் சொன்னால் மறுக்கலாம். மற்றபடி அரசின் சொற்படிதான். வடக்கில் வாக்கெடுப்புக்கு உத்தரவிடுபவர் லண்டனின் வட அயர்லாந்து விவகார அமைச்சர். இணைப்புக்குப் பெரும்பான்மை கிடைக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றினால் உத்தரவிட்டே தீர வேண்டும் என்கிறது 1998ஆம் ஆண்டுச் சட்டம். எதை வைத்துத் தோன்ற வேண்டும் என்று மட்டும் அதில் எழுதவில்லை. ஒருமுறை தோற்றால் அடுத்ததற்கு ஏழு ஆண்டு இடைவெளி.

கானலி பதவிக்காலத்துக்குள் இணைந்துவிடுமா? (திருநெல்வேலி)

முதல் பதிலைப் படியுங்கள்.

அண்ணா, நான் பெல்ஃபாஸ்டில் செவிலியாக இருக்கிறேன், இந்தியக் கடவுச்சீட்டு. எனக்கு இதில் ஏதாவது வாக்கு உண்டா? (பெல்ஃபாஸ்ட்)

இன்றைய கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், தங்கையே. பிரிட்டனில் வசிக்க அனுமதி உள்ள காமன்வெல்த் குடிமக்கள் அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தியர்களும் அதில் அடக்கம். இணைப்பு பற்றிய எல்லை வாக்கெடுப்பில் யாருக்கு வாக்கு என்பதை, உத்தரவிடும்போது அமைச்சரே குறிப்பிட வேண்டும் என்று சட்டம் விட்டுவைத்திருக்கிறது. நாடாளுமன்றப் பட்டியலையே எடுத்துக்கொண்டால் உங்களுக்கும் வாக்கு வரும். ஆனால் டப்ளினில் வேலை அனுமதியில் இருக்கும் உங்கள் ஊர்க்காரருக்கு உள்ளாட்சித் தேர்தல் மட்டும்தான். குடியரசுத் தலைவர் தேர்தலும் பொது வாக்கெடுப்பும் ஐரிஷ் குடிமக்களுக்கே உரியவை. டப்ளினில் வசிக்கும் பிரிட்டிஷ்காரருக்கே நாடாளுமன்றத் தேர்தலோடு சரி, இவ்விரண்டும் கிடையாது.

ஓர் எச்சரிக்கை. டப்ளின் பஸ்ஸில் வந்தால் எல்லை எங்கே என்றே தெரியாது. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், சாலையோரக் கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், கைப்பேசிக்கு வரவேற்புச் செய்தி வரும். அவ்வளவுதான். ஆனால் உங்கள் பிரிட்டிஷ் விசா தெற்கில் தானாகச் செல்லுபடியாகாது. சில நாள்களில் குடிவரவு அதிகாரிகள் பஸ்ஸில் ஏறிக் கேட்பார்கள். "எல்லையே இல்லையே" என்பது நம் கடவுச்சீட்டுக்குப் பொருந்தாது.

வடக்கில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை ஆகிவிட்டார்கள். இனி இணைப்பு நிச்சயம்தானே? (திருச்சி)

2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5. முந்தியிருக்கிறார்கள், பாதியைத் தாண்டவில்லை. அதே கணக்கெடுப்பில் "ஐரிஷ் மட்டும்" என்று சொன்னவர்கள் 29 சதவீதம்தான். ஞாயிறு பூசைக்குப் போவதை வைத்து வாக்கை எண்ணாதீர்கள்.

நான் வழக்கறிஞன். இந்தியாவில் அரசியலமைப்பைத் திருத்தவே அவையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு நாட்டின் எல்லையை மாற்ற 50 சதவீதத்துக்கு மேல் ஒரு வாக்கு போதும் என்பது அபத்தம் இல்லையா? (சென்னை)

வடக்கின் சண்டையை முடித்துவைத்த புனித வெள்ளி ஒப்பந்தம் சொல்வது வெறும் பெரும்பான்மை. 1998 மே 22இல் வடக்கில் 71 சதவீதமும் தெற்கில் 94 சதவீதமும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. இணைப்புக்கு வடக்கோடு தெற்கும் சம்மதிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வரம்பை 60 ஆக்கினால் 59 பேரின் விருப்பம் 41 பேரிடம் தோற்கும். அப்போது ஒருவரின் வாக்கு மற்றவரின் வாக்கைவிட இலேசாகிவிடும். அந்தப் புகாரிலிருந்துதானே இந்தச் சண்டையே வளர்ந்தது? 1995இல் தெற்கு விவாகரத்தை அனுமதித்தது 9,114 வாக்கு வித்தியாசத்தில். நீதிமன்றம் வரை போனார்கள், முடிவு நின்றது.

(அவரே மீண்டும்) பிரெக்சிட் 52–48. விளைவைப் பார்த்தீர்களா?

பார்த்தேன். அங்கே கோளாறு வித்தியாசத்தில் இல்லை. எதற்கு வாக்களிக்கிறோம் என்ற திட்டமே இல்லாமல் வாக்களித்தார்கள். வரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1979 ஸ்காட்லாந்தைப் பாருங்கள். தன்னாட்சி மன்றம் வேண்டும் என்றவர்கள் 51.6 சதவீதம். ஆனால் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்று நிபந்தனை, கிடைத்தது 32.9. வீட்டில் தூங்கியவரும், செத்தும் பட்டியலில் இருந்தவரும் "வேண்டாம்" பக்கம் எண்ணப்பட்டார்கள். அந்தக் கசப்பு இருபது ஆண்டுகள் போகவில்லை.

(இடையில் ஒருவர்) பெரிய வித்தியாசம் இருந்தால் அமைதி வருமே? 1973 வாக்கெடுப்பில் 98.9 சதவீதம் பிரிட்டனோடு இருக்கவே வாக்களித்தார்களாமே? (டொரொன்டோ)

நல்ல உதாரணம், உங்கள் வாதத்துக்கு எதிராக! அந்த வாக்கெடுப்பை, இணைப்பை விரும்பும் தேசியவாதிகள் புறக்கணித்தார்கள். வந்தவர்கள் 58.7 சதவீதம். மார்ச் 8, வாக்குப்பதிவு நடந்த அதே நாள், லண்டனில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு வெளியே இணைப்புக்காகப் போராடிய ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த கார் குண்டு வெடித்தது. 98.9 யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

(சென்னை வழக்கறிஞர், மூன்றாம் முறை) அப்படியானால் 50.1க்கு நீங்கள் மனதார உடன்படுவீர்களா?

சட்டப்படி உடன்படுவேன். புத்திசாலித்தனமா என்றால், அது வேறு கேள்வி. ஷேமஸ் மாலன் தேசியவாதத் தலைவர், வடக்கின் முதல் துணை முதல்வர். அவரே 2019இல், நூலிழையில் வென்றால் அமைதி வராது, இரு தரப்பின் சம்மதமும் வேண்டும் என்றார். அதை அறிவுரையாக எடுத்துக்கொள்வேன். அவசரப்பட்டு வாக்கெடுப்பு கேட்காதீர்கள் என்று என் பக்கத்து வீட்டு ஷின் ஃபெய்ன்காரரிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பந்தயம் தொடங்கிய பிறகு கோட்டைத் தள்ளி வைப்பதற்கு உடன்பட மாட்டேன். ஐயா, இதோடு விடுவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈழத்துக்கும் இதே வழி சரிப்படுமா? (யாழ்ப்பாணம்)

ஒரு பத்தியில் அடங்காது. ஒன்று மட்டும்: இங்கே பிரிந்து சேரும் உரிமை இரு அரசுகள் கையெழுத்திட்ட தாளில் இருக்கிறது.

இந்தியாவுக்கும் ஐரிஷ் தேர்தல் முறைக்கும் தொடர்பு உண்டாமே? (சேலம்)

உண்டு. நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளும், மாநிலங்களவைக்கு அறிஞர்களை நியமிப்பதும் அயர்லாந்தைப் பார்த்து எடுத்தவை. நம் குடியரசுத் தலைவரையும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் எழுதுபவர்கள் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், இங்கே மக்கள். 1990இல் முதல் சுற்றில் 44 சதவீதத்துடன் முந்திய பிரையன் லெனிஹன், இரண்டாம் விருப்பங்கள் எண்ணியதும் மேரி ராபின்சனிடம் தோற்றார். ராபின்சனுக்கு அந்த வாக்குகள் வந்தது மூன்றாவதாக வந்த ஆஸ்டின் கரியிடமிருந்து. கரி வடக்கின் டைரோன் மாவட்டத்துக்காரர்.

கானலி வென்றதால் இணைப்பு வேகமெடுக்குமா? (ஈரோடு) எந்த ஆண்டு இணையும்? (தஞ்சை) ஷின் ஃபெய்ன் ஆதரித்தவர் வென்றாரே, பிறகென்ன தடை? (துபாய்)

மூவருக்கும்: முதல் பதில், முதல் பதில், முதல் பதில். நான் ஜோதிடனும் அல்லன்.

வடக்கில் உள்ள ஐரிஷ் குடிமக்கள் ஏன் குடியரசுத் தலைவருக்கு வாக்களிக்க முடியாது? (புதுச்சேரி)

குடியரசின் எல்லைக்குள் வசிப்பவர்களுக்கே வாக்கு என்பதால். போட்டியிட அந்தத் தடை இல்லை. பெல்ஃபாஸ்டில் பிறந்த மேரி மக்கலீஸ் 1997 முதல் பதினான்கு ஆண்டுகள் தலைவராக இருந்தார். மெக்கின்னஸ் 2011இல் ஊர் ஊராக வாக்குக் கேட்டார், டெரியில் குடியிருந்ததால் தனக்குத் தானே போட்டுக்கொள்ள ஒரு வாக்கு இல்லை. வாக்குரிமையை விரிக்கலாம் என்று 2013இல் அரசியலமைப்பு மாநாடு பரிந்துரைத்தது, 2019இல் மசோதாவும் வந்தது. அதை மக்கள் முன் வைக்காமலேயே 2025 தேர்தலும் முடிந்துவிட்டது. டெரியில் இருக்கும் என் நண்பர் முடிவு வந்த இரவு தொலைபேசியில் முடிவைக் கேட்டுவிட்டு, "எங்கள் தலைவர் யார் என்று சொன்னதற்கு நன்றி" என்றார்.