வேகமாக அடிப்பவருக்கு எதிராக ஆடுவது எப்படி?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு 17 வயது. எங்கள் தோட்டத்துப் பழைய கிளப்பில், நான்கு சுவர்களுக்குள் மட்டையால் பந்தை முன்சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷ் கோர்ட்டில் நண்பனுடன் வாரம் இருமுறை ஆடுகிறேன். அவன் அடிக்கும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எதிராளியின் பலவீனம் அறிந்து ஆடும்படி பெரியவர்கள் சொல்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படி ஆடுவது முறைதானா?
– ஒரு வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: 2024-இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டத்தை வென்ற மலேசிய வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் பிறந்த ஊரிலிருந்து இக்கேள்வி வந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. முறைதான், தம்பி. எதிராளி ஓடும் வழியை மறிப்பதும், அவர் உடலில் படும்படி அடிப்பதும்தான் கூடாது.

ஆட்டத்துக்கு முன் பந்தைச் சூடாக்கும் சில நிமிடங்களிலேயே அவருடைய கால்களைக் கவனியுங்கள். வலக்கை ஆட்டக்காரர் இடதுபுறப் பின்மூலைக்குச் செல்லும்போது உடலை நன்றாகத் திருப்பி, மட்டையை முன்கூட்டியே உயர்த்தினால் அவர் தேறியவர். முன்சுவரைப் பார்த்தபடியே நின்று மணிக்கட்டை மட்டும் சுழற்றினால், அந்த மூலையில் அவர் நிச்சயம் தடுமாறுவார்.

உங்கள் நண்பரின் வேகத்துக்கு வேகத்தாலேயே பதில் சொல்வதுதான் உங்கள் பிழை என்று கருதுகிறேன். ஓங்கி அடிப்பவருக்கு விரைந்து வரும் பந்துதான் தீனி. அதை நீங்களே கொடுத்து வருகிறீர்கள். வலதுபுறக் கட்டத்தில் நின்று, முன்சுவரில் 4.57 மீட்டர் உயரத்திலுள்ள எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே பந்து பட்டு, இடப்பக்கச் சுவரை மேலாக உரசிப் பின்மூலையில் சரியும்படி மெதுவாக சர்வீஸ் போடுங்கள். சுவரோடு ஒட்டி இறங்கும் பந்தை வீசி அடிக்க அவர் மட்டைக்கு இடமிருக்காது.

ஆனால் பிற்பகல் வெக்கையில் ரப்பர் பந்து சூடேறி அதிகம் துள்ளுவதால், மூலையில் விழுந்த பந்தும் எழுந்து அவர் கைக்கு வந்துவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நேரத்துக் குளிர்ச்சி மிச்சமிருக்கும் காலையில் ஆடினால், முன்சுவரை ஒட்டி மெல்லப் போடும் டிராப் பந்துகூட எழாமல் அடங்கும்.

ஒரே மூலையில் ஓயாமல் போட்டால், அவருக்கு அதுவே பயிற்சியாகிவிடும். முதல் சில புள்ளிகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு எதிர்க்கோடியான வலதுபுற முன்மூலைக்கு அவரை இழுத்து ஓடவிட்டு, 11 புள்ளி ஆட்டம் 8, 9 என்று நெருங்கும்போது மீண்டும் அந்த இடதுபுறப் பின்மூலைக்கே பந்தைப் போடுங்கள். சர்வீஸ் போட்ட இடத்திலேயே நின்றுவிடாமல், கோடுகள் சந்திக்கும் நடுவிடத்துக்கு உடனே வந்துவிடுங்கள். அவர் திணறி எடுக்கும் பந்து பெரும்பாலும் அங்குதான் வந்து விழும்.