தன்னைத் தாண்டிய நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: வேலை, குடும்பம் எல்லாம் இருந்தும் வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறது. தன்னைத் தாண்டிய ஒரு நோக்கம் வேண்டும் என்கிறார்கள். அது எங்கே கிடைக்கும்?

உட்கார்ந்து யோசித்து யாருக்கும் அது கிடைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு எது பிடிக்கும், என் திறமை என்ன என்று யோசனை சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்து நிற்கும். அப்புறம் எங்கே தன்னைத் தாண்டுவது?

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவைச் சிகிச்சை. முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தில் பிழைத்தவர், 18 வயதானதும் தானும் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், ஓர் அரிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருப்பது பிறகுதான் தெரிந்தது. தாய்க்கும் கருவுக்கும் ரத்தத்தின் ஆர்எச் வகை (பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அது) ஒத்துப்போகாதபோது குழந்தையைக் காக்கும் ஊசி மருந்து அதிலிருந்து தயாரானது. 1954 முதல் 2018 வரை 1,173 முறை கொடுத்தார். இத்தனைக்கும் ஊசி என்றால் அவருக்குப் பயம். குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இவ்வளவு பலன் வரும் என்று தெரிந்தா முதல் நாள் போனார்? பட்ட கடனைத் தீர்க்கப் போனார், அவ்வளவுதான்.

அவர் முன்னால் என் கதை தூசு. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போகிறேன். கேள்வியை வாசித்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். ஒரு வரலாற்றுத் தேர்வில் ஒரு பெண் ஓர் ஆண்டைத் தப்பாகச் சொன்னாள். எனக்கு விடை தெரியும். தொண்டையைக்கூடச் செருமக் கூடாது. எழுதினேன். இரண்டு பக்கம் தாண்டியதும், "அண்ணா, அந்த வருஷத்தை அடிச்சுட்டு மாத்திடுங்க" என்றாள். எனக்கே மார்க் வந்தது போல இருந்தது! அந்த மூன்று மணி நேரமும் என் அறிவுக்கும் கவலைக்கும் அங்கே வேலையே இல்லை. கையெழுத்து புரிந்தால் போதும்.

எல்லா நாளும் அப்படி இருக்காது. சில நாள் வெறும் கைவலிதான். ஆனாலும் போய்விடுகிறேன், ஏனென்றால் நான் போகாவிட்டால் ஒருவர் தேர்வு எழுத முடியாது. நீங்களும் அப்படி ஆள் காத்திருக்கும் வேலையாகப் பாருங்கள். யாரும் எதிர்பார்க்காத சேவையை இரண்டாவது வாரமே தள்ளிப்போட்டுவிடுவோம். நன்கொடை கொடுப்பது நல்லதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் வெறுமைக்கு அது அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது நோக்கம் இல்லாத குறையாக இல்லாமலும் இருக்கலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.