மிச்சம் 60 படிவத்தை நீங்களே நிரப்பலாமா?

பிஎச்டி ஆய்வுக்காக மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கேள்விப் படிவத்தோட 200 வியாபாரிகளிடம் கேட்டும் 140 பேர்தான் பேசினாங்க, மிச்சம் 60 படிவத்தை ஹாஸ்டலில் உட்கார்ந்து நிரப்பிடுன்னு சீனியர் சொல்றார்னு எழுதியிருக்கீங்க. வேண்டாம் தம்பி.

காப்பியடிச்சதைக் கண்டுபிடிக்கிற டர்னிடின் மென்பொருள் இதைப் பிடிக்காதுங்கிறது நிஜம். அது எழுத்தை மட்டும்தான் ஒப்பிடும். யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியில், எழுத்து எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு வர்ற 10, 40, 60 சதவீதக் கணக்கும் எழுத்துத் திருட்டுக்குத்தான். ஆனா கோர்ஸ் ஒர்க்கில் படிச்ச ஆய்வு நெறிமுறைத் தாளைப் புரட்டுங்க, தரவை இட்டுக்கட்டுறதும் திருட்டும் அங்கே ஒரே வரிசை.

தவிர, ஒரே ஆள் நிரப்பினது தானா காட்டிக் கொடுத்துடும். மல்லி விலை பூரா 500, 600னு ரவுண்டா நிக்கும், ‘தெரியலைப்பா’ன்னு ஒரு பதில்கூட இருக்காது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மூலப் படிவத்தைக் கேட்டா என்ன செய்வீங்க?

140 ஒண்ணும் குறைச்சல் இல்லை. 70 சதவீதம் பேர் பதில் சொன்னாங்கன்னு ஆய்வேட்டிலேயே எழுதுங்க. மறுத்தவங்க சில்லறைக் கடையா, கமிஷன் கடையான்னும் சேருங்க. எக்ஸாமினர் முதல்ல அதைத்தான் கேட்பார். கைடுகிட்ட சொல்லி, மாதிரி அளவு மாறினதை, ஆய்வை மேற்பார்வை பண்ற டாக்டோரல் கமிட்டியில் பதிவு பண்ணிடுங்க.

இன்னும் ஆள் வேணும்னா வியாபாரம் ஓய்ஞ்சப்புறம் போங்க. முகூர்த்த நாள்ல போனா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க.