கடலுக்குப் போகும் முன் எச்சில் கிட்: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

'பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன். டிரைவர் தம்பிக்குக் கஞ்சா பழக்கம், சில நாள் வலி மாத்திரையும் போடுகிறான். வேலையை விட்டு நிறுத்த மனமில்லை. எச்சிலில் போதைப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் கிட்டில் பார்த்துத் தொழிலுக்கு அனுப்பலாமா?' என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

நிறுத்த மனமில்லை என்றீர்களே, அதுதான் அந்தத் தம்பிக்கு இப்போது பெரிய பலம். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

தினமும் கஞ்சா பிடிப்பவர் விட்டு வாரக்கணக்கான பிறகும் சிறுநீரில் அது தெரியும். எச்சிலில் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிடித்ததுதான் சிக்கும். அதனால் உங்கள் தேவைக்கு எச்சில் கிட் பொருத்தம்தான். ஆனால் போதை இன்னும் இருக்கிறதா, சுக்கான் பிடிக்கும் அளவுக்கு நிதானம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. நேற்று இரவு பிடித்துவிட்டு இன்று தெளிவாக இருப்பவருக்கும் பாசிட்டிவ் வரலாம்.

சோதனைக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து தண்ணீர், வெற்றிலை, பீடி எதுவும் கூடாது. கஞ்சா வாயை உலர்த்தும் என்பதால் வாயில் வைக்கும் கிட்டின் பஞ்சு நனைய நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம், கிட்டில் விழும் கோட்டைப் படிப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். கொரோனா கிட்டுக்கு இது நேர்மாறு: போதைப்பொருளின் பெயருக்கு நேரே கோடு விழுந்தால், மங்கலாக இருந்தாலும், 'இல்லை' என்று பொருள். கோடு விழாவிட்டால்தான் 'இருக்கிறது'.

எனக்குக் கஞ்சாவைவிட மாத்திரைதான் கவலை. வலி மாத்திரைகளில் சாதாரண கிட் அபினிலிருந்து வரும் மார்ஃபின் வகையைத்தான் தேடும். போதைக்காகவும் போடப்படும் வலி மாத்திரைகளான டபென்டடாலும் பிரீகேபலினும் அதில் சிக்காது. கிட் சுத்தமாக இருக்கும், ஆள் மாத்திரை போட்டிருப்பார். இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். உண்மையைச் சொன்னால் கூலி போகும் என்றால் யார் சொல்வார்? 'சரியில்லை என்றால் அன்றைக்குக் கரையில் வலை வேலை பார், கூலி உண்டு' என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் சோதிக்க வேண்டாம், படகுத் துறையில் நாலு பேர் முன்னால் வேண்டவே வேண்டாம்.

தினமும் டபென்டடால் போடுபவர் திடீரென நிறுத்தினால் நடுக்கடலில் வாந்தி, பேதி, உடல்வலி என்று துவண்டுவிடுவார். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணும் உண்டு.

மாத்திரையோடு சாராயமும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். படகில் யாராவது உலுக்கியும் எழாமல், விட்டு விட்டு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்தபடி ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். கடலோரக் காவல்படைக்கு 1554-இல் சொல்லிவிட்டு, மடி வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்குத் திரும்புங்கள்.