ஜே-1 விசாவில் டி32 ஆராய்ச்சி ஃபெலோஷிப் மறுக்கப்பட்டால்

ஜே-1 விசாவில் (பரிமாற்றத் திட்டத்தில் வருவோருக்கான அமெரிக்க விசா) பயிற்சி பெறும் நீங்கள், டி32 ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்ததற்குத் "தகுதி இல்லை" என்று மட்டும் பதில் வந்ததாக எழுதியிருந்தீர்கள். டி32 என்பது ஆய்வுப் பயிற்சி தருவதற்காக அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கு வழங்கும் நிதி. ஜே-1 விசாவில் இருப்பவரை அந்த நிதியில் நியமிக்கவே முடியாது; அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மனநல மருத்துவத்தில் நான்காண்டு ரெசிடென்சியை (மருத்துவமனைச் சிறப்புப் பயிற்சியை) முடிக்கும் தறுவாயில் இப்படி ஒரு பதில் வருவது வேதனைதான். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட "தகுதி இல்லை" என்ற ஒற்றை வரி பெரும்பாலும் நிதி விதியைச் சொல்வது, உங்கள் ஆய்வுத் திட்டத்தை எடைபோட்டுச் சொன்னதல்ல.

1. பயிற்சி இயக்குநருக்கு மின்னஞ்சலில் இதை மட்டும் கேளுங்கள்: "இதே ஃபெலோஷிப்பில் துறையின் சொந்த நிதியிலோ அறக்கட்டளை நிதியிலோ ஊதியம் தரும் இடம் உண்டா?" அறிவிப்பில் இல்லாவிட்டாலும் கேட்கத் தயங்க வேண்டாம்.

2. அடுத்த கட்டத்துக்குக் கே23ஐ (நோயாளிகள் சார்ந்த ஆய்வு செய்யும் மருத்துவர்களுக்கு அதே நிறுவனம் தரும் நிதி) நம்பியிருக்காதீர்கள், அதிலும் இதே குடியுரிமை நிபந்தனை உண்டு. பயிற்சி நிலையிலிருந்து சொந்த ஆய்வுக்கு மாற உதவும் கே99/ஆர்00 நிதிக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் நான்காண்டைத் தாண்டுமுன் விண்ணப்பித்தாக வேண்டும், ஆய்வில்லாத மருத்துவப் பயிற்சிக் காலம் அந்தக் கணக்கில் சேராது.

ஒரு எச்சரிக்கை: உங்கள் ஜே-1 மருத்துவப் பயிற்சிக்கென வழங்கப்பட்டது. முழுநேர ஆராய்ச்சிக்கு அது செல்லுமா, இரண்டாண்டு தாய்நாட்டில் தங்கும் நிபந்தனை உங்களை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பதை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.